நாணயம் பார்த்தல்

மேற்கே ஓயாது அலையெறியும் பெருங்கடலுக்கும் கிழக்கே முந்தல் களப்பின் அடங்கிய நீருக்கும் இடையில், தென்னையும் மணலுமாக நீண்டு கிடக்கும் நிலக்கீற்றின்மீது அமைந்தது உடப்பு. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், திரௌபதி அம்மன் ஆலயத்தை நடுநாயகமாகக் கொண்டு, தன் வழிபாட்டையும் தமிழையும் பல தலைமுறைகளாகக் காத்துவரும் இவ்வூரை, ஆடி மாதத்துத் தீமிதிப்பைக் கொண்டும், கரைவலைத் தொழிலைக் கொண்டும், அவ்வலையை இழுக்கையில் பாடப்படும் அம்பாப் பாட்டைக் கொண்டுமே வெளியுலகம் பெரும்பாலும் அறிந்திருக்கிறது. நான் எழுதப் புகுந்த விஷயம் இவற்றிலிருந்து சற்று விலகியது. இக்கரையில் ஒரு பொருளை, சிறப்பாக ஏறிச்செல்லும் ஊர்தியை, விற்றவன் அதன் கிரயத்தை எவ்வெக்காலத்தில் எவ்வாறு தன் கையில் வாங்கிக்கொண்டான், எங்கே அதைத் தவறவிட்டான் என்பதே அது.

இன்று இப்பகுதியில் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளையோ, முச்சக்கர வண்டியையோ, மீன் ஏற்றும் பட்டாவையோ விற்க எண்ணினால், கைத்தொலைபேசியில் நான்கு படங்களை எடுத்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார். மறுநாளே முகமறியாத ஒரு குரல் விலை கேட்கிறது, அதற்கடுத்த நாள் பணம் செலுத்தியதாகக் காட்டும் வங்கிச் சீட்டின் படமொன்று வந்து சேர்கிறது, வண்டி போய்விடுகிறது, பணம் வரவில்லை. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வரும் இத்தகைய சமாசாரங்களைக் கேட்கும் பெரியவர்கள், யந்திரம் வந்ததால் விளைந்த வினை இது என்று பெருமூச்செறிகிறார்கள். அவர்களுடைய துயரத்தில் எனக்குப் பங்குண்டு. அவர்கள் கூறும் காரணத்தில் உடன்பாடில்லை. பொருள் ஒருவனிடமிருந்து புறப்படும் கணத்துக்கும் கிரயம் அவனிடம் வந்துசேரும் கணத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டென்பதும், வஞ்சகன் குடியிருப்பது அவ்விடைவெளியில்தான் என்பதும் நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தவை. அதை அடைப்பதற்காக அவர்கள் ஏற்படுத்திவைத்த சம்பிரதாயங்களை ஒவ்வொன்றாக நாம் கைவிட்டதன் பயனையே இப்போது அனுபவிக்கிறோம்.

தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் உலோகக் காசையும் குறிக்கும், மனிதனுடைய நேர்மையையும் குறிக்கும். காசு மெய்யானதா என்பதும் அதைக் கொடுப்பவன் மெய்யானவனா என்பதும் ஒன்றாகவே சோதிக்கப்பட்ட ஒரு காலத்தின் அடையாளம் அது என்று நான் கருதுகிறேன். காசைச் சோதிப்பதற்கென்றே தனி உத்தியோகம் இருந்தது. அவ்வுத்தியோகத்தானுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர்களுள் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் போன்றோர் அத்தொழிற்பெயரைத் தாங்கி நிற்கிறார்கள்; கிழக்கிலங்கையில், மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில், ஆலய நிருவாகப் பொறுப்பாளரை இன்றளவும் வண்ணக்கர் என்றே அழைக்கிறார்கள். பிரித்தானியர் காலத்துக் கச்சேரிகளில் அரசிறைப் பணத்தை எண்ணி வாங்கிய காசாளர் சிறாப்பர் எனப்பட்டார். பெயர் வேறாயினும் தொழில் ஒன்றே: கொடுப்பவன் எத்துணைப் பெரிய மனிதனாயினும், அவன் நீட்டிய காசைக் கல்லில் தட்டி ஓசை கேட்டு, நிறை பார்த்து, அதன் பின்னரே பெட்டியில் போடுதல். இதை எவரும் அவமதிப்பாகக் கொள்ளவில்லை. நாணயம் பார்த்தல் வியாபார மரியாதையின் ஓர் அங்கமாகவே கொள்ளப்பட்டது.

புத்தளக் கரையின் வியாபாரம் மிகப் பழமையானது. 1344ஆம் ஆண்டில் இங்கே வந்திறங்கிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, 'பத்தாலா' என்று இவ்விடத்தைக் குறிப்பிட்டு, கரையிலே குவிந்து கிடந்த கறுவாக் கட்டைகளை மறுகரைத் தேசத்தார் விலையின்றி எடுத்துச் செல்வதையும், அதற்கு ஈடாக அரசனுக்குத் துணி முதலிய காணிக்கைகளைச் செலுத்துவதையும் எழுதி வைத்தார். பிற்காலத்தில் இப்பகுதியின் உப்பும் கருவாடும் தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகளில் ஏறிக் கண்டி நாட்டுக்குச் சென்றன. திரும்பும் பயணத்தில் அம்மாடுகளின் முதுகில் பாக்கும் தானியமும் வந்தன. உப்பு மூட்டை இறங்கும் இடத்திலேயே பாக்கு மூட்டை ஏறியதால், பண்டமாற்றில் வஞ்சனைக்கு எடையும் தரமுமே வழியாக இருந்தன. 'அனுப்பிவிட்டேன், வந்து சேரும்' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

காசு பெருகியபோது சோதனையும் பெருகிற்று. ஒல்லாந்தர் கொணர்ந்த இறைசாலும், அதனோடு புழங்கிய பணமும் சல்லியும், இந்தியாவிலிருந்து வந்த பல வார்ப்புகளும் ஒரே சந்தையில் உலவிய காலத்தில், எது எத்தனைக்குச் சமம் என்பதைச் சாதாரண உழைப்பாளி தானே தீர்மானிக்க இயலாது. பிரித்தானியர் 1825இல் ஓர் இறைசாலுக்கு ஒன்றரைச் சிலிங் என்று மதிப்பு வகுத்தனர். 1872 முதல் ரூபாவும் சதமும் இந்நாட்டின் கணக்காயின. காசின் குழப்பம் தீர்ந்தது. காசு வந்துசேருவதன் குழப்பம் தீரவில்லை.

கரைவலையின் பொருளாதாரத்தைச் சற்று நின்று பார்த்தால் இது விளங்கும். சம்மாட்டிக்குச் சொந்தமான வலையைத் தோணியில் ஏற்றிக் கடலில் வளைத்துப் போட்டு, இரு கயிறுகளையும் கரையிலிருந்து இரு அணியினர் அம்பா பாடி இழுக்க, மடி கரையைத் தொட்டவுடன் மீன் மணலிற் குவிகிறது. அங்கேயே விலை கூறப்படுகிறது. வாங்கும் முதலாளி பல சமயங்களில் அப்போது முழுப் பணத்தையும் கொடுப்பதில்லை. மீன் சிலாபத்துக்கோ, நீர்கொழும்புக்கோ, கொழும்புச் சந்தைக்கோ போய் விற்றான பின்னரே கணக்குத் தீரும். அன்றியும், அம்முதலாளி முன்னரே சம்மாட்டிக்கு முன்பணம் கொடுத்து அவனைக் கட்டிவைத்திருப்பதும் உண்டு. எனவே உடப்பு மக்கள் கடன் அறியாதவர்கள் என்று எவரும் நினைக்க வேண்டாம். கண்ணெதிரே பொருள் போக, பணம் பின்னால் வரும் இடைவெளியிலேயே அவர்கள் நாள்தோறும் வாழ்ந்தார்கள். அவ்விடைவெளியைக் காத்தது நாளைய வலை. இன்று ஏமாற்றினால் நாளை மணலில் இறங்கி விலை கேட்கும் முகம் இராது. தகராறு மூண்டால் ஊர்ப் பெரியோர் கோயில் முன்றிலில் கூடுவர். பாரதக் கதையைப் பதினெட்டு நாள் சடங்கிலே வாழ்ந்து காட்டும் அம்மனின் சந்நிதியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னால், பொய்ச் சூதால் சபையிலே அவமானப்பட்டவளின் முன் பொய்யுரைக்க எவனுக்குத் துணிவு வரும்?

ஆனால் வலைமீன் வேறு, வள்ளம் வேறு. மீன் நாளையும் கிடைக்கும். ஒரு வள்ளத்தையோ, ஒற்றைத் திருக்கலையோ, அதை இழுக்கும் மாட்டையோ மனிதன் தன் ஆயுளில் சில முறைகளே விற்கிறான். வாங்குபவன் அயலூரானாயிருந்தால் மறுபடி அவனைக் காணப்போவதும் இல்லை. நாளைய வலை என்ற காவல் இங்கே இல்லாமையால், இவ்வகை விக்கிரயத்துக்கென்று வேறு காவல்கள் தோன்றின.

அவற்றுள் முதலாவது அச்சவாரம். விலை பேசி முடிந்ததும் வாங்குபவன் ஒரு சிறு தொகையைச் சாட்சிகளின் முன் கையில் வைப்பான்; அதன்பின் விற்பவன் வேறொருவனுக்கு விற்கமாட்டான், வாங்குபவன் பின்வாங்கினால் அத்தொகையை இழப்பான். இரண்டாவது, மாட்டுச் சந்தைகளின் சம்பிரதாயம். மணப்பாறை, பொள்ளாச்சி முதலிய தமிழ்நாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவிலே விரல்களைப் பிடித்து விலை பேசும் தரகர்களைக் காணலாம். விலை பிறர் அறியாமற் பேசப்பட்டாலும், விற்பவன், வாங்குபவன், தரகன், மாடு என்ற நான்கும் ஒரே மரநிழலில் நிற்கும். பணம் எண்ணி முடிந்த பின்னரே கயிறு கைமாறும். தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, வாங்குபவன் கொணர்ந்த புதுக்கயிற்றைப் பூட்டச் சொல்லும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. கயிறு மாறும் வரை மாடு பழைய உடையவனுடையதே என்ற நியாயத்தைப் படிப்பறியாத சிறுவனும் ஐயமறத் தெரிந்துகொள்ள இதனினும் சிறந்த முறை எனக்குத் தெரியவில்லை.

அரசாங்கச் சட்டம் இவ்விஷயத்தில் மெதுவாகவே வந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நிலத்தை விற்பதாயின் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட உறுதி வேண்டும் என்று விதித்தது. அசையும் பொருளின் விற்பனைக்கு அத்தகைய உறுதி வேண்டப்படவில்லை. அதனால் அரைப் பரப்புத் தென்னங்காணிக்கு இருந்த காவல், அக்காணியைவிட விலைமிகுந்த வள்ளத்துக்கு இல்லாது போயிற்று. பின்னர், இங்கிலாந்தின் சட்டத்தைத் தழுவி இயற்றப்பட்ட 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், எழுத்தாதாரம் இல்லாதவிடத்தும் கிரயத்தில் ஒரு பகுதி கொடுக்கப்பட்டிருந்தால் உடன்படிக்கையை நீதிமன்றம் ஏற்கும் என்று கூறி, நம்மவரின் அச்சவாரத்துக்குச் சட்டத்தின் ஆசனத்தைக் கொடுத்தது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளப்படாத வரையில், பொருளைக் கொடுத்தலும் விலையைக் கொடுத்தலும் ஒருங்கே நிகழவேண்டியவை என்றும் அது சொல்லிற்று. மரநிழலில் கயிறு மாறிய நியாயம் இதுவேயன்றோ!

அதே சட்டத்தில் விற்பவனை அச்சுறுத்த வேண்டிய இன்னொரு விதியும் உண்டு. வஞ்சனையினால் பெற்ற பொருளை ஒருவன் மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட, அம்மூன்றாமவன் வஞ்சனையை அறியாமல் நல்லெண்ணத்தோடு விலைகொடுத்து வாங்கியிருந்தால், முதல் விக்கிரயம் ரத்தாக்கப்படுமுன் நிகழ்ந்த அவ்வாங்கலில் அவனுக்கு நல்ல உரிமை பிறக்கக்கூடும். களவுபோன பொருள் வேறு. ஏமாந்து தன் கையாலேயே கொடுத்த பொருள் வேறு. வஞ்சித்தவன்மீது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி வழக்குத் தொடரலாம், அவன் சிறைக்கும் போகலாம். வண்டி திரும்பி வருமென்பது அதனால் நிச்சயமாகிவிடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சாவியைக் கொடுத்துவிட்டு, பொலிஸ் நிலையம் எல்லாவற்றையும் மீட்டுத் தரும் என்று நம்பியிருப்போரை நினைக்கையில் என் மனம் வருந்துகிறது.

1926இல் இருப்புப்பாதை புத்தளம் வரை எட்டியது. அதன் பின் வந்த பஸ்ஸும் லொறியும், பத்துளு ஓயாச் சந்தியில் இறங்கி உள்ளே வரவேண்டிய இவ்வூரைக் கொழும்புச் சந்தையோடு இணைத்தன. 1950களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்க ஊக்கத்தோடு படகுகளுக்கு யந்திரம் பூட்டப்பட்டது. மரவள்ளத்தின் இடத்தைக் காலப்போக்கில் கண்ணாடி இழைப் படகு பெற்றது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் இலக்கமும், பதிவு செய்யப்பட்ட உடைமையாளர் ஒருவரும், பதிவுப் புத்தகமும் வேண்டப்பட்டன.

அப்பதிவுப் புத்தகத்தின் வருகை நான் சொல்லும் சரித்திரத்தில் ஒரு பெரிய திருப்பம். மாட்டுக்கு உடல் ஒன்றே. மோட்டார் வாகனத்துக்கோ உடலும் உண்டு, பத்திரமும் உண்டு. வண்டி ஒரு வழியே போகலாம், புத்தகம் வேறொரு வழியே போகலாம், கிரயம் மூன்றாவது வழியே வரலாம். மரநிழலில் ஒரே கணத்தில் நிகழ்ந்த காரியம் மூன்றாகப் பிரிந்து, அம்மூன்றுக்கும் இடையே நாட்களும் வாரங்களும் நுழைந்தன. இந்நாட்டில் வேரூன்றிய 'ஓபின் பேப்பர்' வழக்கம் இப்பிரிவின் விகாரமான வடிவமாகும்: விற்பவர் பெயர்மாற்றப் படிவங்களில் வாங்குபவரின் பெயரெழுதாமலே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட, வண்டி நான்கைந்து கைகள் மாறிய பின்னும் பதிவேட்டில் பழையவரின் பெயரே நிற்கும், யாரோ எங்கோ அவ்வண்டியால் இழைத்த குற்றத்துக்கு முதலில் இவர் வாசலுக்குத்தான் பொலிஸார் வருவர். குத்தகை நிறுவனங்கள் பெருகி, புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரும் ஏறியபோது முடிச்சு மேலும் இறுகிற்று.

கிரயம் தனி வழியே வரத் தொடங்கியதன் கதை காசோலையோடு ஆரம்பமாகிறது. பட்டினத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உண்டியல் முன்னரே இருந்தது. இலங்கை வங்கி 1939இலும் மக்கள் வங்கி 1961இலும் தோன்றிய பின் காசோலை சிறிய ஊர்களுக்கும் எட்டியது. 1980களில் புத்தளக் களப்போரங்களில் இறால் பண்ணைகள் எழுந்தபோது, கருவாட்டுக் கணக்கில் கண்டிராத தொகைகள் இக்கரையில் புழங்கின. லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் பெருகின. 1996இல் வெண்புள்ளி நோய் பண்ணைகளை அழித்தபோது அவற்றில் பல விற்பனைக்கு வந்தன. அவசரப்பட்டு விற்கிறவனே வஞ்சகனுக்கு எக்காலத்திலும் உவப்பானவன்.

காசோலை பணமன்று, பணம் கொடுக்குமாறு வங்கிக்கு எழுதப்பட்ட கட்டளை. 1927ஆம் ஆண்டின் மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் அவ்வாறே அதை வரையறுக்கிறது. கட்டளையிடுபவனின் கணக்கில் பணமிருந்தாலன்றி அக்கட்டளை நிறைவேறாது. வெள்ளிக்கிழமை பிற்பகல், வங்கி மூடும் நேரத்துக்குச் சற்று முன்னர் காசோலையை வைப்புச் செய்து, அதன் சீட்டைக் காட்டிச் சனிக்கிழமை காலையிலேயே வாகனத்தை ஓட்டிச்சென்றுவிட்டால், திங்கட்கிழமை காசோலை திரும்பும்போது வண்டி எந்த மாகாணத்தில் இருக்கிறதோ! 2006இல் காசோலையின் பிம்பத்தை அனுப்பித் தீர்க்கும் முறையைத் தெற்காசியாவிலேயே முதன்முதலாக இலங்கை கொணர்ந்ததனால், உரிய நேரத்தில் வைப்புச் செய்த காசோலையின் கதி அடுத்த வேலை நாளில் தெரிந்துவிடுகிறது. அவ்வொரு நாளும் பொறுத்திருக்க விற்பவருக்கு மனம் வேண்டும். பணமில்லையென்று தெரிந்தே காசோலை எழுதுவதை 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எனினும், திருடிய காசோலைப் புத்தகத்தில் பொய்ப் பெயரெழுதி வந்தவனை அச்சட்டம் எங்கே தேடும்?

இதே இடைவெளி கடலுக்கு அப்பாலும் சுரண்டப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1987இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், வாடிக்கையாளர் வைப்புச் செய்த காசோலைத் தொகையைக் குறுகிய நாட்களுக்குள் அவர் எடுத்துக்கொள்ள வங்கிகள் இடமளிக்க வேண்டும் என்றது. மக்களுக்கு நன்மை கருதிச் செய்யப்பட்ட அவ்வேற்பாட்டில் வஞ்சகர் ஒரு துவாரத்தைக் கண்டனர். காரை விற்க விளம்பரம் செய்தவருக்கு, பேசிய விலைக்கு அதிகமான தொகைக்குப் போலி வங்கிக் காசோலையை அனுப்புவர்; மிகுதியைக் கப்பற்காரருக்கு அனுப்பிவிடுங்கள் என்று பணிவாக வேண்டுவர்; கணக்கில் தொகை ஏறியிருப்பதைக் கண்ட விற்பவர் மிகுதியைத் தம் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பிவிடுவார். சில நாட்களுக்குப் பின் காசோலை போலியென்று தெரிந்து வங்கி முழுத் தொகையையும் அவர் கணக்கிலிருந்து மீட்டுக்கொள்ளும். கணக்கில் தோன்றுவதும் கணக்கில் நிலைப்பதும் வெவ்வேறு என்ற பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றவர்கள் அவர்கள். விலைக்கு மேல் பணம் கொடுப்பவன் எவனும் இம்மண்ணின் சந்தையில் இருந்ததில்லை என்பதை நினைத்தாலே போதும். அந்த ஒரு குறி கண்டவுடன் பேச்சை முடித்துவிடலாம்.

இனி நம் காலம். 2012இல் இலங்கையில் தொடங்கிய பெரிய இணைய விளம்பரத் தளமொன்றின் பெயர் 'இக்மன்'. விரைவு என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். விரைவு உண்மையிலேயே பெரிய நன்மை: தரகனின் தயவின்றி உடப்பு மீனவன் தன் என்ஜினை மாத்தறை வரை விலைகூற முடிகிறது. பணத்தின் பயணமும் விரைவாயிற்று. 2002இல் லங்கா கிளியராக உருவாகி இன்று லங்கா பே எனப்படும் நிறுவனம் 2015இல் ஏற்படுத்திய உடனடிப் பரிமாற்ற முறையினால், ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு வங்கிக் கணக்குக்குச் சில கணங்களில் பணம் சென்றுவிடுகிறது; சேர்ந்த பணத்தை அனுப்பியவன் தானே இழுத்துக்கொள்ளவும் இயலாது. கூர்ந்து நோக்கின், மரநிழலில் ஒரே கணத்தில் காசும் கயிறும் மாறிய அந்தப் பழைய நிலைமையை, எண்பது ஆண்டுக் காசோலை யுகத்துக்குப் பின் இம்முறை நமக்கு மீட்டுத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், அதன் நிழற்படத்தை நம்பியதுதான் நாம் செய்த பிழை.

பணம் செலுத்திய சீட்டின் படத்தை எந்த இளைஞனும் கைத்தொலைபேசியிலேயே திருத்தி எழுதலாம். வங்கியின் பெயரில் வரும் குறுஞ்செய்தியையும் வேறொருவன் அனுப்பலாம். மெய்யான சீட்டேயாயினும், அது காசோலையை வைப்புச் செய்ததற்கான சீட்டாக இருக்கலாம். பின்னொரு திகதிக்கு இடப்பட்ட கட்டளையின் சீட்டாகவும் இருக்கலாம். சிலர் பணம் அனுப்புவதாகச் சொல்லி, விற்பவரின் தொலைபேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுஎண்ணைக் கேட்டு, வண்டியைத் தொடாமலேயே கணக்கை வழித்தெடுத்துவிடுகிறார்கள்; பணம் பெறுவதற்கு எவரும் அவ்வெண்ணைச் சொல்லவேண்டியதில்லை, அது கொடுப்பதற்கான சாவி. வேறு சிலர் ஓட்டிப் பார்ப்பதாகக் கூறி ஏறியமர்ந்து திரும்பாமலே போகிறார்கள்.

இவற்றையெல்லாம் விட நுட்பமானதொன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஒருவன் உங்கள் விளம்பரத்தின் படங்களை எடுத்து, குறைந்த விலையில் தன் பொருள்போல் இன்னொரு விளம்பரம் செய்கிறான். அதைக் கண்டு வரும் மெய்யான வாங்குபவரிடம், 'வண்டி என் மைத்துனர் வீட்டில் நிற்கிறது, போய்ப் பாருங்கள், விலையைப் பற்றி மட்டும் அவரோடு பேசவேண்டாம்' என்கிறான். உங்களிடம், 'என் ஊழியர் ஒருவர் வண்டி பார்க்க வருகிறார், அவருக்கு விலை தெரியவேண்டாம்' என்கிறான். இருவரும் நேரிற் சந்திக்கிறீர்கள், வண்டி பிடித்துப்போகிறது, வந்தவர் நடுவிலிருப்பவனின் கணக்குக்குப் பணம் அனுப்பிவிடுகிறார், உங்களுக்கோ ஒரு போலிச் சீட்டின் படம் வருகிறது. முடிவில் முற்றத்தில் நிற்கும் இரு நேர்மையான மனிதர்கள் ஒருவரையொருவர் கள்வனென்று ஏசிக்கொள்கிறார்கள். துண்டின் மறைவில் விரல் பிடித்த பழைய தரகன் விலையை ஊருக்குத்தான் மறைத்தான்; இவன் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலேயே துண்டைப் போர்த்துகிறான். 'விலையைப் பற்றிப் பேசாதீர்கள்' என்று எவன் சொன்னாலும், அக்கணமே எதிரில் நிற்பவரிடம் விலையைக் கேட்டுவிட வேண்டும். இரு தொகைகளும் வேறாயிருந்தால் வஞ்சனை அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிளும் ஒரு குடும்பத்தின் பெரும் திரவியமாயிற்று. பிள்ளையின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ மகளின் கலியாணத்துக்கோ விற்கப்படும் அத்தகைய பொருள் ஓர் இரவில் மறைவது சிறிய துன்பமன்று. ஏமாந்தவரை மூடரென்று இகழ்வோரை நான் ஒருபோதும் மன்னிக்க இயலாதவனாக இருக்கிறேன். வெட்கத்தினால் அவர் வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு மணியும் வஞ்சகனுக்கு இலாபம். உடனே தம் வங்கிக்கும் பொலிஸுக்கும் அறிவித்தால், பணம் போன கணக்கு வெறுமையாவதற்கு முன் தடுக்கச் சிறிதேனும் வாய்ப்புண்டு.

பழைய சம்பிரதாயத்தை இன்றைய சாதனங்களோடு பொருத்திக்கொள்வது கடினமான காரியமன்று. நான் அறிந்தவரையில் நிதானமுள்ளவர்கள் செய்யும் முறை இதுவே. விலை முடிவானதும் சிறிய அச்சவாரத்தைத் தம் கணக்கில் பெற்று, அதுவும் வந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். வாங்குபவரின் தேசிய அடையாள அட்டையைக் கண்ணாற் கண்டு, பிரதியொன்றை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். குத்தகைக் கடன் இருப்பின், வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு நிறுவனத்துக்கே சென்று தீர்க்கிறார்கள். ஓட்டிப் பார்க்க விரும்புவோரோடு தாமும் ஏறுகிறார்கள், அல்லது அவர் வந்த வாகனத்தையும் அடையாள அட்டையையும் நிறுத்திவைக்கிறார்கள். கைமாற்றும் நாளாக வங்கி வேலை நாளொன்றின் முற்பகலையே தெரிந்தெடுக்கிறார்கள். இடமாகத் தம் கணக்குள்ள வங்கியையே சொல்கிறார்கள். ரொக்கமாயின், வங்கிக் காசாளர் எண்ணி யந்திரத்தில் இட்டுக் கள்ளநோட்டில்லையென்று ஏற்றுக் கணக்கில் வரவு வைத்த பின்னும், பரிமாற்றமாயின், தம் கணக்கைத் தாமே திறந்து, செலுத்தியவரின் பெயரும் தொகையும் வரவாகி நிற்பதைக் கண்ட பின்னுமன்றி, பெயர்மாற்றப் படிவத்தில் பேனையை வைப்பதில்லை. மூன்றாம் ஆளொருவரின் கணக்கிலிருந்து வந்த பணமெனில், அது வேறெவரோ ஏமாந்து கொடுத்த பணமாகவும் இருக்கலாமென்பதால், விளக்கம் பெறும்வரை சாவியைக் கொடுப்பதில்லை. படிவங்களில் வாங்குபவரின் பெயர், திகதி, நேரம் யாவையும் நிரப்பி, விற்ற செய்தியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தாமே அறிவிக்கிறார்கள். இதற்கெல்லாம் செலவாவது ஒரு முற்பகல்.

உடப்பிலிருந்து சிலாபத்துக்குச் சென்று இவ்வாறு முச்சக்கர வண்டியொன்றை விற்கும் பெரியவரை நினைத்துப் பாருங்கள். வங்கிக் கருமபீடத்தில் தம் கணக்குப் புத்தகத்தில் வரவைப் பதிப்பித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இலக்கங்களை விரலால் தொட்டு இருமுறை வாசிக்கிறார். வாங்க வந்த இளைஞன், 'அவசரமில்லை ஐயா, ஆறுதலாப் பாருங்க' என்கிறான். வெளியே வந்ததும் பெரியவர் சாவியை நீட்டுவதற்கு முன் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த அம்மன் படத்தை நகத்தால் மெல்லப் பெயர்த்து, கண்ணில் ஒற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.